நாயின் மூக்கில் புண்: களிம்பு வாங்குவதற்கு முன் படிக்க வேண்டியது

எங்கள் வீட்டு நாய் செல்லிக்கு மூக்கில் வந்த புண் இன்னதுதான் என்று தெரியவே பல மாதம் ஆனது. அபூர்வமான நோய் ஒன்றும் இல்லை. முதலில் போன கிளினிக்கில் சோதனை எதுவும் செய்யாமல் ஸ்டீராய்டு கலந்த களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். ஆறுவது போல் இருந்தது. களிம்பு தீர்ந்ததும் முன்னைவிடப் பெரிதாகத் திரும்பி வந்தது. அதற்குப் பிறகு வேறொரு மருத்துவரிடம் சோதனைக்குப் போனால், "ஸ்டீராய்டு பட்டிருக்கிறது, இப்போது தசை எடுத்தாலும் சரியாகத் தெரியாது, சில வாரம் விட்டுவிட்டு வாருங்கள்" என்றார். அந்தச் சில வாரங்கள் அவள் மூக்கைத் தேய்த்துத் தேய்த்து ரத்தம் கசியவிட்டதைப் பார்த்துக்கொண்டிருப்பது பெரும்பாடு.

நாயின் மூக்கில் வரும் பத்து நோயும் வெளியே ஒரே மாதிரி தெரியும். பொருக்கு, சிவப்பு, கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். மருந்து படாத புண்ணிலிருந்து சோதனைக்கு எடுக்கும் மாதிரிதான் எது எதுவென்று பிரித்துச் சொல்லும். அதனால் மாதிரி முதலில், மருந்து அப்புறம். கீழே உள்ள எல்லாம் இந்த வரிசையைக் காப்பாற்றத்தான். நான் சென்னையில் இருப்பதால் இடங்களும் தொகைகளும் இங்குள்ளவை.

1. புண் மூக்கின் எந்தப் பகுதியில் என்று பாருங்கள்

நாயை ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார வைத்து, மூக்கைத் தொடாமல் முதலில் கண்ணால் பாருங்கள். நல்ல மூக்கின் கருப்புத் தோல் வழவழப்பாக இருக்காது. கூழாங்கல் பதித்த தரை மாதிரி சின்னச் சின்ன மேடும் கோடுமாக இருக்கும். அந்த மேடுபள்ளம் இருக்கிறதா, மழுங்கிவிட்டதா என்பது மருத்துவருக்கு மிகவும் உதவும் தகவல். செல்லிக்கு இடது நாசித்துளையின் மேல் ஓரத்தில் தொடங்கியது. முதலில் கருப்பு வெளிறிச் சாம்பல் நிறமானது, பிறகு அந்த இடம் மட்டும் வழவழவென்று இளஞ்சிவப்பானது, அதன்பின்தான் பொருக்கும் வெடிப்பும் வந்தன. புண் வருவதற்கு முன்பே நிறம் போய், மேடுபள்ளம் மழுங்குவது லூபஸ் என்ற நோயின் போக்கு. உடலின் எதிர்ப்புச் சக்தி சொந்தத் தோலையே தாக்குவதால் வருவது. மூக்கோடு நிற்கும் வகைதான் நாய்களில் அதிகம். வெயில் பட்டால் கூடும்.

முடி இல்லாத கருப்பு நுனியில் வேறு சிலவும் வரும். வயதான நாய்களுக்குத் தோல் தடித்துக் காய்ந்து வெடிக்கும். லேப்ரடார்களில் பரம்பரையாகவே மூக்குத் தோல் தடிக்கும் நோய் ஒன்று உண்டு, ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் தலைகாட்டும். வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு மூக்குள்ள நாய்களுக்கு வெயிலே புண்ணாக்கும். அது ஆண்டுக்கணக்கில் நீடித்தால் புற்றாக மாறும் வாய்ப்பு இருப்பதால் அலட்சியம் வேண்டாம்.

முடி உள்ள மூக்குத்தண்டில் புண் என்றால் கணக்கு வேறு. காலையில் நன்றாக இருந்த நாய்க்கு மாலைக்குள் மூக்குத்தண்டு வீங்கி, கொப்புளமாகி, ரத்தம் கசிந்தால் பெரும்பாலும் குளவி, தேனீ, எறும்பு போன்ற பூச்சிக்கடி. வட்டமாக முடி கொட்டிச் செதில் வந்தால் படர்தாமரையைச் சந்தேகிக்கலாம். மண்ணிலேயே வாழும் பூஞ்சை வகை ஒன்று உண்டு என்பதால், குழி தோண்டும் நாய்க்கு மூக்கிலும் முன்னங்கால்களிலும் சேர்ந்து வரும். குட்டிகளுக்கு முகத்தில் அங்கங்கே முடி கொட்டினால் டெமோடெக்ஸ் என்ற சிற்றுண்ணியாக இருக்கலாம். மூக்குத்தண்டு, காது மடல், உள்ளங்கால் மூன்றிலும் ஒரே நேரத்தில் மஞ்சள் பொருக்கு கட்டினால் பெம்ஃபிகஸ் என்ற நோயையும் மருத்துவர் நினைப்பார். கேட் கம்பியில் மூக்கை விட்டுத் தெருவைப் பார்க்கும் நாய்க்கு உராய்ந்தே புண் வரும், அதையும் மறக்க வேண்டாம்.

நாசித்துளைக்கு உள்ளிருந்து ரத்தமோ சளியோ வந்தால் அது தோல் வியாதியே இல்லை. உண்ணிக் காய்ச்சலில் ரத்தத் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் ரத்தம் வரும். நம் ஊரில் இது சர்வசாதாரணம். ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்கு ஒட்டும் டிவிடி (TVT) என்ற கட்டி, பிறப்புறுப்பை முகரும்போது மூக்குக்குள்ளும் பற்றிக்கொள்ளும். அப்போது ரத்தம் சொட்டும், தும்மல் வரும், மூக்குத்தண்டு மேடாகும். தெருவில் திரியும் நாய்களில் இதை நிறையப் பார்க்கலாம். மூக்குக்கு அருகே, கண்ணுக்குக் கீழே வீங்கி உடைந்தால் வாயைத் திறந்து மேல் கடைவாய்ப் பல்லைப் பாருங்கள். வேர் சீழ்பிடித்து அங்கேதான் உடையும்.

நோயே இல்லாதவையும் உண்டு. தூங்கி எழுந்த நாயின் மூக்கு காய்ந்து சூடாக இருப்பது காய்ச்சலுக்கு அடையாளம் இல்லை. பிறந்ததிலிருந்தே மூக்கு இளஞ்சிவப்பாக இருக்கும் நாய்கள் இருக்கின்றன. மேடுபள்ளம் அப்படியே இருந்து நிறம் மட்டும் மெல்ல மங்கினால் பதற வேண்டாம், படம் எடுத்து வைத்துக் கவனித்தால் போதும்.

2. அன்றைக்கே ஓட வேண்டிய நிலைமைகள்

இவற்றில் எது இருந்தாலும் மேலே படிப்பதை நிறுத்திவிட்டுக் கிளம்புங்கள்.

முகம் முழுக்க வீங்கி மூச்சு இழுக்கிறது. மூக்கில் ரத்தம் நிற்கவில்லை, அல்லது ஈறு வெளுத்து, அடிவயிற்றுத் தோலில் ஊதாப் புள்ளிகள் தெரிகின்றன. குட்டிக்குக் கண்ணிலும் மூக்கிலும் சீழ் போல வடிந்து, காய்ச்சலோடு சாப்பிடாமல் படுத்திருக்கிறது (டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம், அதிலும் மூக்கும் உள்ளங்காலும் தடித்து வெடிக்கும்). புண்ணில் புழு நெளிகிறது, அல்லது அழுகல் வாடையோடு நாய் ஓயாமல் தலையை உதறுகிறது.

புழு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் பொரிந்துவிடும், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்பது கூடாது. அதற்காக டர்பன்டைன், பெட்ரோல், பினாயில் என்று கையில் கிடைத்ததை மூக்கில் ஊற்றவும் கூடாது. உள்ளே இழுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும். காலில் உள்ள புண்ணுக்கு அடிக்கும் ஸ்பிரேயைக்கூட மூக்குத்துளைக்கு நேராக அடிக்காதீர்கள்.

இன்னொரு நாய் கடித்ததால் வந்த மூக்குக் காயம் என்றால் வெறிநோயை நினைத்தே ஆக வேண்டும். கடித்த நாய் யாருடையது, தடுப்பூசி போட்டதா என்று தெரியாவிட்டால், உங்கள் நாய்க்கு ஏற்கனவே ஆண்டுத் தடுப்பூசி போட்டிருந்தாலும் கடிக்குப் பிந்தைய ஊசிகள் தேவைப்படும். காயத்தைக் கழுவும்போது கையுறை போடுங்கள். எச்சில் உங்கள் கை வெட்டிலோ கீறலிலோ பட்டிருந்தால் சோப்பும் ஓடும் தண்ணீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மனிதர்களுக்கான வெறிநோய்த் தடுப்பூசி அங்கே இலவசம். நடத்தை மாறி, வாயில் எச்சில் வழிய நிற்கும் நாயின் மூக்கை எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள்.

3. படமும் குறிப்பும்

மருத்துவருக்கு உங்கள் நாயோடு கிடைப்பது சில நிமிடம். அந்த நேரத்தில் "எப்போது ஆரம்பித்தது?" என்ற கேள்விக்கு "ஒரு மாதம் இருக்கும் டாக்டர்" என்று இழுப்பதைவிட ஒரு படத்தைக் காட்டுவது மேல்.

தினமும் காலையில் ஒரே இடத்தில், ஃபிளாஷ் இல்லாமல், நேராக ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று எடுங்கள். ஃபிளாஷ் ஈர மூக்கில் பட்டு வெள்ளையடித்துவிடும், நிறம் போனது எது, வெளிச்சம் எது என்று தெரியாது. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொண்டால் புண்ணின் அளவும் பதிவாகும்.

குறிப்பில் இவை போதும்: முதலில் பார்த்த தேதி, அரிப்பு இருக்கிறதா, வெயிலில் கூடுகிறதா, உண்ணி இருந்ததா, புதிதாக மாறிய உணவு அல்லது சோப்பு, வீட்டில் யாருக்காவது தோலில் வட்டமாகத் தடிப்பு வந்ததா. இந்தக் கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாய்க்குப் படர்தாமரை என்றால் குழந்தைகளின் கையிலும் கழுத்திலும் அது வந்திருக்கலாம். கேட்டால்தான் சொல்வார்கள்.

4. மருத்துவரைப் பார்க்கும்வரை வீட்டில்

செய்யக்கூடியது கொஞ்சம்தான். மருந்துக்கடையில் கிடைக்கும் நார்மல் சலைன் பாட்டில் ஒன்று வாங்குங்கள், விலை மிகக் குறைவு. பஞ்சுக்குப் பதில் காஸ் துணியை அதில் நனைத்து, மண்ணும் தூசியும் போக மெதுவாக ஒற்றுங்கள். பொருக்கைப் பிய்க்காதீர்கள், மருத்துவருக்கு அந்தப் பொருக்கும் சோதனைக்கான மாதிரிதான். சலைன் கிடைக்காவிட்டால் கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்பு போதும்.

பகல் 10 மணியிலிருந்து 4 மணிவரை மாடி, வாசல் வெயில் இரண்டும் வேண்டாம். பிளாஸ்டிக் தட்டு வைத்திருந்தால் எவர்சில்வருக்கு மாற்றுங்கள். கீறல் விழுந்த பிளாஸ்டிக்கில் அழுக்கும் கிருமியும் தங்கும், அதில்தான் மூக்கு தினமும் உரசுகிறது.

கழுத்தில் மாட்டும் கூம்பு பற்றி ஒரு விஷயம். அது போட்டால் நாய் புண்ணை நக்காது என்று நினைத்து வாங்குகிறார்கள். முதுகுப் புண்ணுக்கு அது சரி. மூக்குப் புண்ணுக்கு அப்படி இல்லை, நாயின் நாக்கு கூம்புக்குள்ளேயே மூக்கை எட்டிவிடும். முன்னங்காலால் பிறாண்டுவதையும் தரையில் தேய்ப்பதையும் மட்டும் கூம்பு தடுக்கும். பிறாண்டும் நாய் என்றால் வாங்குங்கள், இல்லாவிட்டால் அந்தக் காசை ஸ்மியர் சோதனைக்கு (புண்ணில் கண்ணாடித் துண்டை ஒற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது) வையுங்கள்.

இனி, கூடாதவை. வீட்டில் இருக்கும் தோல் களிம்பின் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. நம் மருந்துக்கடைகளில் விற்கும் "எல்லாம் கலந்த" களிம்புகளில் பூஞ்சை மருந்தோடும் ஆன்டிபயாடிக்கோடும் இவற்றில் ஒன்றைச் சேர்த்திருப்பார்கள். பூஞ்சைப் புண்ணில் ஸ்டீராய்டு பட்டால் சிவப்பும் அரிப்பும் அடங்கிப் பூஞ்சை உள்ளுக்குள் பரவும். லூபஸ் புண்ணில் பட்டால் தற்காலிகமாக அடங்கி, சோதனையில் பிடிபடாமல் போகும்.

மூக்கில் எதைத் தடவினாலும் அது வயிற்றுக்குள் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் துத்தநாகம் கலந்த குழந்தைக் களிம்பு, காலமைன், கற்பூரம் கலந்த தைலம், டீ ட்ரீ எண்ணெய் எதுவும் ஆகாது. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்துச் சுத்தமாகிறது என்று நினைக்க வேண்டாம், ஆறிவரும் தசையையும் அது அரிக்கும். மஞ்சள் விஷமில்லைதான், ஆனால் நிறம் மாறியதா இல்லையா என்று பார்க்க வேண்டிய இடத்தை மஞ்சளால் மூடிவிட்டுப் போனால் மருத்துவர் எதைப் பார்ப்பார்? வலிக்கிறதே என்று இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், பாராசிட்டமால் மாத்திரைகளை நாமே கொடுப்பதும் ஆபத்து. முதல் இரண்டும் நாயின் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

5. எங்கே போவது

உடனே பார்க்க அருகிலுள்ள தனியார் கிளினிக் போதும். ஆனால் போகும் முன் போனில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஸ்கின் ஸ்க்ரேப்பிங், ஸ்மியர் இரண்டும் உங்களிடமே மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பீர்களா?" (ஸ்க்ரேப்பிங் என்றால் தோலைச் சுரண்டிப் பார்ப்பது.) ஆம் என்றால் போங்கள். இல்லை என்றால் அடுத்த கிளினிக். என் அனுபவத்தில் கிளினிக்கைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல கேள்வி இல்லை.

நாள்பட்ட புண்ணுக்கும், செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான் என் பரிந்துரை. சென்னையில் வேப்பேரி, ஈ.வெ.கி. சம்பத் சாலையில் இருக்கிறது. 1903-இல் தொடங்கிய கல்லூரி. தோல், கண், அறுவை, நோய்க்குறியியல் என்று துறைகள் ஒரே வளாகத்தில் இருப்பதால் மாதிரி எடுத்து வேறெங்கோ அனுப்பும் அலைச்சல் குறைவு. நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி, தேனி, உடுமலைப்பேட்டை, சேலம் மாவட்டம் தலைவாசல் ஆகிய இடங்களிலும் அரசுக் கல்லூரிகள் உள்ளன. மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போய், தேவைப்பட்டால் கல்லூரிக்குப் பரிந்துரைச் சீட்டு வாங்குங்கள். 1962 என்ற எண் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கானது. பெரும்பாலும் ஆடு மாடுகளுக்காக ஓடுவது, மூக்குப் புண்ணுக்கு அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கல்லூரிக்குப் போவதென்றால் காலையில் சீட்டுக் கொடுக்கத் தொடங்கும்போதே அங்கே இருங்கள். முதல் நாள் பொதுப் பிரிவில் பார்த்துவிட்டுத் தோல் பிரிவுக்கு அனுப்புவார்கள், தாமதமாகப் போனால் இரண்டாவது பிரிவுக்கு இன்னொரு நாள் வர வேண்டியிருக்கும். கூட்டம் அதிகம், மிரளும் நாய் என்றால் மரத்தடியில் ஒருவர் நாயோடு நிற்க, இன்னொருவர் வரிசையில் நிற்பது நல்லது. தனியாகப் போகாதீர்கள். ஆட்டோக்காரரிடம் நாய் இருப்பதை முன்பே சொல்லி, இருக்கையில் விரிக்க ஒரு பழைய போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.

6. கையில் எடுத்துப் போக வேண்டியவை

தடுப்பூசி அட்டை முதலில். வெறிநோய் ஊசித் தேதி தெரியாமல் முகத்தைத் தொட எந்த மருத்துவரும் தயங்குவார், அது நியாயமும்கூட. பழைய மருந்துச் சீட்டுகள், ரத்தப் பரிசோதனை முடிவுகள், இதுவரை தடவிய களிம்புகள் மாத்திரைகளின் காலி அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போடுங்கள். "ஒரு வெள்ளைக் களிம்பு" என்று சொல்வதால் பயனில்லை, டியூபே வேண்டும். மாநகராட்சி உரிமம், மைக்ரோசிப் எண் இருந்தால் அவற்றின் நகல்.

அப்புறம் வாய்க்கட்டு. துணியில் செய்தது மூக்கின் மேல் உராயும், கம்பி அல்லது பிளாஸ்டிக் கூடை வகை வாங்குங்கள். மூக்கில் வலியோடு இருக்கும் நாய் எவ்வளவு சாதுவானாலும் கடிக்கக்கூடும், வீட்டிலேயே பழக்கிவிட்டுப் போங்கள். கல்லூரியில் கொடுக்கும் ஓபி சீட்டில் பதிவு எண் இருக்கும். அதைப் படம் எடுத்து வையுங்கள், அடுத்த முறை பழைய விவரங்களை எடுக்க அந்த எண்தான் தேவை.

7. சோதனைகளின் வரிசையும் செலவும்

கீழே உள்ள தொகைகள் சென்னைத் தனியார் கிளினிக்குகளில் நான் கொடுத்ததும் விசாரித்ததும், தோராயமாகத்தான். கல்லூரியில் பெரும்பாலானவை இதில் சிறு பங்குக்கே முடியும்.

முதல் வருகையிலேயே நடக்க வேண்டியவை: ஆலோசனை (300 முதல் 700 ரூபாய்), பிளேடால் சுரண்டிச் சிற்றுண்ணி பார்க்கும் ஸ்க்ரேப்பிங், கண்ணாடித் துண்டைப் புண்ணில் ஒற்றிப் பார்க்கும் ஸ்மியர் (இரண்டும் சேர்த்து 500 முதல் 1,000). முடிவு அரை மணி நேரத்தில் தெரியும். கிருமி, ஈஸ்ட், டிவிடி கட்டியின் அணுக்கள், பெம்ஃபிகஸுக்கான அறிகுறி எல்லாம் இந்த ஒற்றுதலிலேயே பிடிபட வாய்ப்பு உண்டு. இவ்வளவு மலிவான சோதனையைத் தாண்டிவிட்டு நேராக மருந்து எழுதினால், "ஒரு ஸ்மியர் பார்த்துவிடலாமா டாக்டர்?" என்று பணிவாகக் கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

மூக்குக்குள்ளிருந்து ரத்தம் என்றால் ரத்த அணுக்கள் எண்ணிக்கையும் ரத்த ஒட்டுண்ணிச் சோதனையும் (700 முதல் 1,500) உடனே.

பூஞ்சைச் சந்தேகம் என்றால் முடியும் செதிலும் எடுத்து கல்ச்சர் போடுவார்கள் (800 முதல் 1,500). இதற்குப் பொறுமை வேண்டும், பூஞ்சை வளர்ந்து தெரிய இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும். ஊதா விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு "ஒளிரவில்லை, பூஞ்சை இல்லை" என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதீர்கள். எல்லாப் பூஞ்சையும் அந்த விளக்கில் ஒளிராது, மண்ணிலிருந்து வரும் வகை ஒளிராத கூட்டம்தான்.

கிருமி மட்டுமே என்று தெரிந்தால் ஆன்டிபயாடிக், பொதுவாக மூன்று வாரம்வரை. இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. உதடும் மூக்கும் சேரும் இடத்தில் வரும் ஒருவகைக் கிருமித் தொற்று பார்வைக்கு அப்படியே லூபஸ் மாதிரி இருக்கும், தசை எடுத்துப் பார்த்தாலும் குழப்பும். அதனால் நல்ல மருத்துவர் லூபஸ் என்று சந்தேகித்தாலும் முதலில் ஒரு சுற்று ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டு, அப்புறம் பயாப்ஸிக்கு (சிறு துண்டு வெட்டி எடுத்து ஆய்வகத்தில் பார்ப்பது) போவார். இது இழுத்தடிப்பு இல்லை. பாதி நாய்க்காரர்கள் இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து மருத்துவரை மாற்றிவிடுகிறார்கள், புது மருத்துவர் மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

8. பயாப்ஸி என்று சொன்னால்

பயப்பட வேண்டாம், ஆனால் தயாராகப் போங்கள். மூக்கில் பென்சில் முனையைவிடக் கொஞ்சம் பெரிய வட்டக் கத்தியால் சிறு துண்டு எடுப்பார்கள். இதற்கு மயக்க மருந்து தேவை. மொத்தத்தில் தனியாரில் 5,000 முதல் 10,000 ரூபாய்வரை ஆகலாம், மயக்க மருந்தும் ஆய்வகக் கட்டணமும் சேர்த்தா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சேர்க்காமல் ஒரு தொகை சொல்லிவிட்டுப் பிறகு கூட்டுவது வழக்கமாக இருக்கிறது.

முன்கூட்டியே சரிபார்க்க வேண்டியவை:

ஸ்டீராய்டு மாத்திரையோ களிம்போ நிறுத்தி எத்தனை வாரம் ஆனது என்று சொல்லுங்கள். இரண்டு, மூன்று வாரமாவது இடைவெளி கேட்பார்கள். நீண்ட நாள் மாத்திரை சாப்பிட்ட நாய்க்கு நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள், குறைத்துக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

ரத்தத் தட்டணுக்கள் எண்ணிக்கை பார்த்தாகிவிட்டதா? மூக்கில் ரத்த ஓட்டம் அதிகம். வெளியே தெரியாத உண்ணிக் காய்ச்சல் இருக்கும் நாய்க்கு வெட்டினால் ரத்தம் எளிதில் நிற்காது.

இரவுச் சாப்பாட்டோடு நிறுத்திக் காலையில் வெறும் வயிற்றில் கூட்டிப் போங்கள். தண்ணீர் எதுவரை என்பதை மருத்துவர் சொல்வார்.

எந்த இடத்தில் எடுக்கப் போகிறார் என்று கேளுங்கள். குழிவிழுந்த புண்ணின் நடுவில் எடுத்தால் அழிந்த தசைதான் கிடைக்கும். சாம்பல் நிறமாக மாறிக்கொண்டிருக்கும், இன்னும் உடையாத ஓரம்தான் நோயைக் காட்டும். ஒன்றுக்கு இரண்டு துண்டாக எடுத்தால் நல்லது. அந்த இடத்தை முன்கூட்டித் தேய்த்துக் கழுவ வேண்டாம், மேலே உள்ள பொருக்கும் ஆய்வுக்குப் போக வேண்டும்.

மாதிரியைப் பார்ப்பவர் கால்நடை நோய்க்குறியியல் வல்லுநரா என்பதும் முக்கியம். மனிதர்களுக்கான ஆய்வகத்தில் கொடுத்தால் "நாள்பட்ட அழற்சி" என்று ஒரு வரி எழுதித் தருவார்கள், அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. குப்பியோடு உங்கள் படங்களில் இரண்டை அச்செடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முடிவு வர ஒன்று, இரண்டு வாரம். தையல் பிரிக்கவும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்த முதல் நாள் தும்மும்போது ரத்தத் துளி தெறிக்கும். தரையெல்லாம் சிவப்பைப் பார்த்துக் கலங்காதீர்கள். துணியில் சுற்றிய ஐஸை மூக்குத்தண்டில் சில நிமிடம் வைத்தால் நிற்கும். நிற்காமல் சொட்டினால் போன் செய்யுங்கள்.

9. மருந்து போடும் முறை

மூக்கில் களிம்பு போட்டால் நாய் அடுத்த நொடி நக்கும். பத்து நிமிடமாவது தோலில் தங்க வைக்க எங்களுக்குப் பலித்த வழி: சாப்பாட்டுக்குச் சற்று முன் போட்டுவிட்டு, தட்டை அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உயரத்தில் வைத்துக்கொண்டே நிற்பது. அவளுக்குத் தட்டின் மேலேயே கவனம், மூக்கு மறந்துபோகும். நடக்கக் கூட்டிப் போகும் முன் போடுவதும் நன்றாகவே பலிக்கும். அரிசி அளவு போதும், பட்டையாக அப்பினால் மீதியெல்லாம் வயிற்றுக்குத்தான்.

மூக்கு லூபஸுக்கு இப்போது அதிகம் எழுதுவது டாக்ரோலிமஸ் களிம்பு. மனிதர்களுக்கான மருந்துக்கடையிலேயே கிடைக்கும். 0.03 சதவீதம், 0.1 சதவீதம் என்று இரண்டு உண்டு, பெரும்பாலும் 0.1 எழுதுவார்கள். கடையில் இல்லாவிட்டால் "ரெண்டும் ஒண்ணுதான்" என்று மற்றதைக் கொடுப்பார்கள். ஒன்றில்லை. கையுறை போட்டுத் தடவுங்கள். பலன் தெரியவே நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். முதல் இரண்டு வாரம் ஒன்றுமே மாறவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். ஆறும்போது முதலில் பொருக்கு விழும், பிறகு ஓரத்திலிருந்து கருப்பு மெல்ல உள்ளே நகரும்.

கூடவே டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால், நம் வீடுகளில் செய்வது போலத் தயிர் சாதத்தில் மறைத்துக் கொடுக்காதீர்கள். பாலும் தயிரும் அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கும். வெறும் சோற்று உருண்டையில் வைத்துக் கொடுத்து, பின்னாலேயே தண்ணீர் குடிக்க வையுங்கள், மாத்திரை தொண்டையில் ஒட்டினால் அங்கே புண்ணாகும். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுக்கும் நாட்களில் தண்ணீரும் பசியும் சிறுநீரும் கூடும், வீட்டில் ஈரம் செய்தால் திட்டாதீர்கள். அந்த நாட்களில் வலி மாத்திரை எதையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது.

படர்தாமரை என்று உறுதியானால் மாத்திரையை வாரக்கணக்கில் தொடர வேண்டும், முடி முளைத்துவிட்டது என்று நிறுத்தினால் திரும்பும். படுக்கை விரிப்பை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், வீட்டில் தடிப்பு வந்தவர்களைத் தோல் மருத்துவரிடம் அனுப்புங்கள்.

டிவிடி கட்டி என்றால் மனம் உடைய வேண்டாம். வின்கிறிஸ்டின் என்ற ஊசியை வாரம் ஒருமுறை, சில வாரங்கள் போட்டால் பெரும்பாலான நாய்கள் முழுக்கக் குணமாகின்றன. ஊசி நாளில் ரத்த எண்ணிக்கை பார்த்துவிட்டுத்தான் போடுவார்கள். ஊசிக்குப் பிந்தைய சில நாள் நாயின் சிறுநீர், மலத்தைக் கையுறையோடு சுத்தம் செய்யுங்கள், கர்ப்பிணிகள் அந்த வேலையைச் செய்ய வேண்டாம். தெரு நாய்க்கு இந்தச் சிகிச்சை செய்வதென்றால் ஊசி முடியும்வரை அதை ஓரிடத்தில் வைத்திருக்க ஆள் வேண்டும், பாதியில் விட்டால் கட்டி மறுபடி வளரும். சென்னையில் ப்ளூ கிராஸ் போன்ற விலங்கு நல அமைப்புகளிடம் இடம் இருக்கிறதா என்று முன்பே பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

10. குணமான பிறகு

பூச்சிக்கடி, உராய்வு, கிருமி இவையெல்லாம் போய்விட்டால் போய்விட்டதுதான். லூபஸ் அப்படி இல்லை, அடங்கியிருக்கும். களிம்பை மருத்துவர் சொன்னபடி நாள் விட்டு நாள், வாரம் இரண்டு முறை என்று குறைத்து, மிகக் குறைந்த அளவில் தொடர்ந்து போட்டுவருவது வழக்கம். மாதம் ஒருமுறை அதே ஜன்னலோரம், அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் பழைய படத்தோடு வைத்துப் பாருங்கள். சாம்பல் நிறம் ஓரத்தில் தொடங்கினால் புண்ணாகும்வரை காத்திராமல் போன் செய்யலாம். உள்ளே சாப்பிடும் ஸ்டீராய்டு அல்லது எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்ளோஸ்போரின் தொடரும் நாய்க்கு, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் கல்லீரல், ரத்தப் பரிசோதனைகளுக்கும் பணம் ஒதுக்கி வையுங்கள்.

பயாப்ஸி முடிவின் மூலத்தை வீட்டில் வைத்து, நகலைத் தடுப்பூசி அட்டையோடு ஒட்டிவிடுங்கள், போனிலும் ஒன்று இருக்கட்டும். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் மறுபடி மயக்கம் கொடுத்து வெட்ட வேண்டியிருக்காது. வெயில் ஏறும் மார்ச் மாதக் கடைசியில், மூக்கு நன்றாக இருந்தாலும் ஒரு முறை காட்டிவிடுங்கள். கோடைக்கு மட்டும் களிம்பின் அளவைக் கூட்ட வேண்டுமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளலாம், நடைபயிற்சியையும் காலை 7 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் என்று மாற்றிவிடலாம்.